பிரேக் ‘ப்ளீட்’ செய்வதற்குக் ‘குமிழியெடுத்தல்’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டியின் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் பழுதுபார்ப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், ‘ப்ளீட்’ செய்வதற்கு, அதாவது பிரேக்கின் திரவத்தில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, ‘வடித்தல்’ என்று போடலாம் என நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வடித்தல் என்றதும் நமக்குக் கஞ்சி வடிப்பதுதான் நினைவுக்கு வரும். அங்கே நீர் வெளியேறுவதே நோக்கம். பிரேக்கில் திரவம் உள்ளே நிறைந்தே இருக்க வேண்டும், இடையில் புகுந்த காற்று மட்டும் போக வேண்டும். அழுத்தினால் திரவம் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். லீவரில் நாம் கொடுக்கும் விசை, டிஸ்க்கில் உரசி நிறுத்தும் பேடைத் தள்ளுகிற பிஸ்டனை நகர்த்தாமல் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிறது. ‘வடிக்கவும்’ என்று படித்த ஒருவர் திரவத்தை இறக்கிவிட்டால், அதன் இடத்தில் மேலும் காற்றுதான் புகும்.

பட்டறையில் ‘ஏர் எடுக்கணும்’ என்பார்கள். அதைப் பின்பற்றிக் ‘காற்றெடுத்தல்’ என்று இன்னொருவர் சொன்னது நல்ல திசை. கார், பைக் கையேடு என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் மிதிவண்டி ஓட்டுபவருக்குக் காற்று என்றால் டயர்தான்: காற்றடிப்பது, காற்று இறங்குவது, காற்றைப் பிடுங்கிவிடுவது. அதனால் ‘குமிழியெடுத்தல்’ என்று முன்மொழிகிறேன். களையெடுத்தல், சிக்கெடுத்தல், சுளுக்கெடுத்தல் என்று வேண்டாததை அகற்றும் வேலைக்கு நம் பேச்சிலேயே இந்த அமைப்பு இருக்கிறது. வேலை செய்பவர் கண்ணால் காண்பதும் அதைத்தான். ஷிமானோ லீவரின் மேல் புனலைப் பொருத்தி, கீழே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரிலிருந்து ஊசிக்குழாயால் திரவத்தை மெல்லத் தள்ளும்போது குமிழிகள் மேலேறி வரும். அவை நிற்கும்வரை லீவரை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘குமிழ்’ என்று சுருக்க வேண்டாம். அது திருகும் குமிழையும் குறிக்கும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பட்டியலில் உள்ள ‘பிரேக் பலவீனம்’ என்ற ஒற்றைப் பதிவு. இரண்டு வேறு கோளாறுகளை அது ஒன்றாக்கிவிடுகிறது. லீவர் மெத்தென்று ஹேண்டில்பார் வரை போய், நாலைந்து முறை அடித்து அழுத்தினால் இறுகுகிறதா? பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. இதைத் ‘தொய்வு’ எனலாம். லீவர் கெட்டியாக நின்றும் வண்டி நிற்காமல் போகிறதா? அங்கே குமிழியெடுத்துப் பயனில்லை. பேடிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் பட்டிருக்கும், அல்லது சூட்டில் பேடின் முகம் வழவழப்பாகியிருக்கும். இதற்கு ‘வழுக்கல்’ என்ற சொல் பொருந்தும். செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே டிஸ்க்கில் தெறிப்பது அடிக்கடி நடக்கும் காரணம். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். எண்ணெய் ஊறிய பேடை மாற்றிவிடுவதே நல்லது. இரண்டுக்கும் தனிப் பெயர் இருந்தால், படிப்பவர் தவறான வேலையில் இறங்கமாட்டார்.

புதுப் பேடு போட்டபின் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டாமல் பலமுறை பிரேக் பிடிக்கிறோமே, அதற்குப் ‘பழக்குதல்’ என்று இருக்கிறது. ‘படியவைத்தல்’ இன்னும் சரியாக இருக்கும். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிவதுதான் அங்கே உண்மையில் நடப்பது. இதைச் செய்யாமல் விட்ட புதுப் பேடும் வழுக்கும்.

அப்புறம், ‘பிரேக் எண்ணெய்’ என்ற பொதுச்சொல்லைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் நிறுவனத்தின் பல மாதிரிகளுக்கு டாட் (DOT) என்ற தரப்பெயரில் வரும் திரவம், மேவன் போன்ற புதிய சிலவற்றுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும், பிரேக்கே செயலிழக்கலாம். டாட் 4, டாட் 5.1 இரண்டும் கிளைக்கால் (glycol) வகை, ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-இன் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறியபின் அந்த வரம்பு 155. டாட் 5 சிலிக்கான். எண் அடுத்தடுத்து இருப்பதால் மாற்றி வாங்கிவிடுவார்கள். எனவே பொதுப்பெயராகப் ‘பிரேக் திரவம்’ இருக்கட்டும். ‘மினரல் ஆயில்’, ‘டாட்’ இரண்டையும் பாட்டிலில் உள்ளபடியே விட்டுவிடலாம். கடையில் கேட்டு வாங்க வேண்டிய பெயர்கள் அவை.

காலிப்பருக்குக் ‘கவ்வி’ என்பதில் எனக்கு உடன்பாடே. ‘தொய்வு’, ‘வழுக்கல்’ இரண்டையும் பற்றிப் பட்டறையில் வேலை செய்பவர்கள் யாராவது எழுதினால், இந்த வாரமே பதிவுகளைத் திருத்திவிடுகிறேன்.