2018 ஹர்லிங் பருவம்: மாகாணத்தில் மூன்றாம் இடம் பிடித்த லிமெரிக் கோப்பையை வென்றது எப்படி?

கேள்வி (எழுதியவர்: ஆட்டநேரம்)

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் மட்டை-பந்து விளையாட்டான ஹர்லிங்கின் அகில அயர்லாந்து சீனியர் சாம்பியன்ஷிப்பில் 2018ஆம் ஆண்டு ஆட்டங்களை முதல் வாரத்திலிருந்து இறுதி ஆட்டம் வரை வரிசையாகப் பார்த்து முடித்தேன். 1973க்குப் பிறகு இந்தப் போட்டியின் லியம் மெக்கார்த்தி கோப்பையைத் தொடாத லிமெரிக், 45 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் அதை வென்ற பருவம் இது. முன்பே ஓரளவு அறிந்த கதைதான் என்றாலும், முழுவதையும் பார்த்த பிறகு ஒரு கேள்வி எழுகிறது.

மன்ஸ்டர் மாகாணத்தின் ஐந்து அணிகளில் லிமெரிக் மூன்றாவதாகவே முடித்தது. ஜூன் 17 அன்று என்னிஸ் நகரில் கிளேரிடம் 0-26, 0-15 என்ற கணக்கில், அதாவது 11 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றது (முதல் எண் கோல்கள், இரண்டாவது எண் புள்ளிகள்; ஒரு கோல் மூன்று புள்ளிகளுக்குச் சமம்). அன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்த ஒருவர் இந்த அணி ஆகஸ்ட் மாதம் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் கோப்பையைத் தூக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். ஆனால் ஆகஸ்ட் 19 அன்று, அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியனான கால்வேயை 3-16, 2-18 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்று லிமெரிக் அதைச் சாதித்தது.

மாகாணச் சுற்றில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோத வேண்டும் என்ற முறை அந்த ஆண்டுதான் அறிமுகமானது. அப்படியானால் லிமெரிக்கின் வெற்றிக்கு அணியின் திறமை எவ்வளவு காரணம், புதிய முறை எவ்வளவு காரணம்? டிப்பரரியும் வாட்டர்ஃபோர்டும் ஜூன் மாதத்திலேயே வெளியேறியது நியாயமான முடிவுதானா? இந்தப் பருவத்தை நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (எழுதியவர்: நடுக்களம்)

நல்ல கேள்வி. புதிய முறை லிமெரிக்குக்குச் சலுகை அளித்தது என்று பலர் எண்ணுவதால் முதலில் அதைப் பற்றிச் சொல்கிறேன். 2018க்கு முன் மாகாணப் போட்டி நாக்-அவுட் முறையில் நடந்தது. அதில் தோற்ற அணிக்குத் தகுதிச் சுற்று என்ற இரண்டாம் வாய்ப்பு இருந்தது. புதிய முறையில் ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டங்கள். இரண்டு சொந்த மைதானத்தில், இரண்டு வெளியே. முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகள் மாகாண இறுதி ஆட்டத்துக்குச் சென்றன. மூன்றாம் அணி முன்-காலிறுதியில், அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்ட இரண்டாம் நிலைப் போட்டியான ஜோ மெக்டொனா கோப்பையின் இறுதிக்கு வந்த அணி ஒன்றோடு மோதியது. நான்காம், ஐந்தாம் அணிகளுக்குப் பருவம் அத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே தோல்விக்குப் பின் கிடைக்கும் வாய்ப்பைப் பொறுத்தவரை புதிய முறை பழையதைவிடக் கடுமையானது.

லிமெரிக்குக்கு அது உண்மையில் கொடுத்தது, ஆடும் எண்ணிக்கையைத்தான். 2017இல் இதே அணி மாகாண அரையிறுதியில் கிளேரிடமும், பிறகு தகுதிச் சுற்றில் கில்கென்னியிடமும் தோற்று, இரண்டே ஆட்டங்களோடு வீடு திரும்பியது. 2018இல் அது எட்டு ஆட்டங்கள் ஆடியது. 2015இலும் 2017இலும் 21 வயதுக்குட்பட்டோர் கோப்பையை வென்ற இளைஞர்கள் நிறைந்த ஓர் அணிக்கு இரண்டு ஆட்டங்களுக்கும் எட்டு ஆட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. 2015இன் இளையோர் அணியைப் பயிற்றுவித்து வென்ற ஜான் கைலியே 2018இல் சீனியர் அணியின் மேலாளர் என்பதால், யாருக்கு எப்போது எவ்வளவு ஆட்டம் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருடைய பயிற்சியாளர் பால் கின்னெர்க், 2013இல் கோப்பையை வென்ற கிளேர் அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர்.

கிளேரிடம் அடைந்த அந்தத் தோல்வியைப் பட்டியலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டிப்பரரியையும் வாட்டர்ஃபோர்டையும் வென்று, கார்க்கோடு சமன் செய்து, கடைசி வாரத்துக்கு முன்பே லிமெரிக்கிடம் ஐந்து பட்டியல் புள்ளிகள் இருந்தன. நான்கு ஆட்டங்களையும் முடித்துவிட்ட டிப்பரரியிடம் இரண்டு. வாட்டர்ஃபோர்ட் தன் கடைசி ஆட்டத்தை வென்றாலும் மூன்றைத் தாண்ட முடியாது. முதல் மூன்று இடங்களில் ஒன்று லிமெரிக்குக்கு உறுதியாகிவிட்ட நிலையில்தான் அது என்னிஸில் இறங்கியது. அன்று அது இழந்தது மாகாண இறுதி ஆட்டத்துக்கான வாய்ப்பை. அந்த ஆட்டத்தில் கார்க் 2-24, 3-19 என்று கிளேரை வென்றது.

அந்த இழப்பின் விளைவாக லிமெரிக் ஜூலை மாதத்தில் இரண்டு கூடுதல் ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. கார்லோவுக்கு எதிரான முதலாவது 5-22, 0-13 என எளிதாக முடிந்தது; அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஜூலை 15 அன்று தர்லஸில் கில்கென்னியோடு நடந்த காலிறுதியே என் கணிப்பில் பருவத்தின் திருப்புமுனை. ஆட்டம் முடியும் தறுவாயில் ரிச்சி ஹோகன் கோல் அடித்து கில்கென்னியை முன்னிலைக்குக் கொண்டுவந்தபோது, முந்தைய காலத்து லிமெரிக் அணிகள் பெரும்பாலும் அங்கேயே தளர்ந்திருக்கும். இந்த அணியோ பதறாமல் ஒவ்வொரு புள்ளியாகத் திருப்பி அடித்து 0-27, 1-22 என்ற கணக்கில் இரண்டு புள்ளிகள் முந்தி முடித்தது. சாம்பியன்ஷிப் ஆட்டமொன்றில் கில்கென்னியை லிமெரிக் வென்றது 1973க்குப் பிறகு அதுவே முதல் முறை.

பதில் 2 (எழுதியவர்: வெண்கொடி)

நடுக்களம் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட் பற்றிய இரண்டாம் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மன்ஸ்டர் அட்டவணையைத் தேதிவாரியாக எடுத்துப் பாருங்கள். ஐந்து அணிகள், ஐந்து வாரங்கள், வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள். எனவே ஒவ்வொரு வாரமும் ஓர் அணிக்கு ஓய்வு. லிமெரிக் மே 20, ஜூன் 2, ஜூன் 10, ஜூன் 17 ஆகிய நாள்களில் ஆடியது. அதன் ஓய்வு வாரம் முதல் ஆட்டத்துக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கும் இடையில் விழுந்தது. கார்க்குக்கும் கிளேருக்கும் அவ்வாறே நடுவில் ஓர் இடைவெளி கிடைத்தது. டிப்பரரி மே 20 முதல் ஜூன் 10 வரையும், வாட்டர்ஃபோர்ட் மே 27 முதல் ஜூன் 17 வரையும் தொடர்ச்சியாக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆடின. டிப்பரரியின் ஓய்வு வாரம் எல்லாம் முடிந்த பிறகும், வாட்டர்ஃபோர்டின் ஓய்வு வாரம் எதுவும் தொடங்கும் முன்பும் வந்ததால் அவற்றால் இரு அணிகளுக்கும் பயனில்லை. வெளியேறியவை இந்த இரண்டு அணிகள்தான். ஹர்லிங் வீரர்கள் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்கள் அல்லர். வார நாள்களில் வேலைக்கோ கல்லூரிக்கோ சென்றுவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். எழுபது நிமிட ஆட்டத்தில் அடிபட்ட ஒருவர் ஏழே நாள்களில் மீண்டு வர வேண்டும் என்பது கடுமையான எதிர்பார்ப்பு.

இன்னொரு மாகாணமான லென்ஸ்டரில் வெக்ஸ்ஃபோர்ட் அணியும் தொடர்ந்து நான்கு வாரங்கள் ஆடி மூன்றாம் இடத்தோடு முன்னேறியது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆகவே அட்டவணை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் வாட்டர்ஃபோர்டுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அதன் சொந்த மைதானமான வால்ஷ் பார்க் ஆட்டம் நடத்தத் தகுதியான நிலையில் இல்லாததால், ‘சொந்த’ ஆட்டங்கள் இரண்டையும் அது லிமெரிக் நகரிலும் தர்லஸிலும் ஆடியது. சொந்த மண்ணில் இரண்டு ஆட்டங்கள் என்பதே புதிய முறையின் முதன்மையான கவர்ச்சியாக இருந்தபோது, ஓர் அணிக்கு மட்டும் அது முழுமையாக மறுக்கப்பட்டது.

லிமெரிக் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில்தான், ஜூன் 3 அன்று, பருவத்தின் மிகப் பெரிய சர்ச்சை நிகழ்ந்தது. டிப்பரரியைவிட வாட்டர்ஃபோர்ட் நன்கு முன்னிலையில் இருந்த நேரம். கோல்வாய்க்கு முன் இறங்கிய பந்தை வாட்டர்ஃபோர்டின் ஆஸ்டின் கிளீசன் தலைக்கு மேல் கையை உயர்த்திப் பிடித்து, உடல் பின்னோக்கிச் சாய்ந்த நிலையிலும் கோட்டுக்கு வெளியிலேயே வைத்திருந்தார். கம்பத்தருகே வெள்ளைக் கோட்டு அணிந்து நின்ற நடுவர் பந்து கோட்டைக் கடந்ததாகக் கருதிப் பச்சைக் கொடியை உயர்த்தினார்; மூன்று புள்ளிகள் டிப்பரரிக்குச் சென்றன. மறு ஒளிபரப்பில் பந்து கடக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. குரோக் பார்க்கிலும் தர்லஸிலும் இருந்த கேமரா உதவியும்கூடக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே செல்லும் பந்தை மட்டுமே கவனித்தது; கோல்கோட்டைப் பார்க்கும் ஏற்பாடு எந்த மைதானத்திலும் இல்லை. ஆட்டம் 2-22, 1-25 என்று சமனில் முடிந்தது. அந்த கோல் இல்லையென்றால் வாட்டர்ஃபோர்ட் ஆட்டத்தை வென்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனெனில் அதற்குப் பிறகான ஆட்டம் வேறு விதமாகப் போயிருக்கலாம். இருந்தாலும் ஒரு புள்ளியோடு பட்டியலின் அடியில் முடித்த அணிக்கு அந்த நாள் எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆட்டநேரம் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓய்வு வாரங்களை நான் கவனிக்கவே இல்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது வெண்கொடி சொன்னது தெளிவாகத் தெரிகிறது. இன்னும் ஒன்றை மட்டும் கேட்கிறேன். அரையிறுதியில் லிமெரிக் கார்க்கை 3-32, 2-31 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. இறுதி ஆட்டத்திலோ எட்டுப் புள்ளி முன்னிலை ஒரே புள்ளியாகச் சுருங்கியது. இவ்வளவு நூலிழையில் முடிந்த ஆட்டங்களை அணியின் திறமை என்று சொல்வதா, அதிர்ஷ்டம் என்று சொல்வதா?

பதில் 3 (எழுதியவர்: கோல்வாய்)

அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கு அந்த ஆண்டு நிறைய இடமிருந்தது, ஏனெனில் நூலிழையில் முடியாத பெரிய ஆட்டமே இல்லை. கால்வே–கில்கென்னி லென்ஸ்டர் இறுதி 0-18 என்று சமனாகி மறு ஆட்டத்துக்குப் போனது. ஜூலை 28 அன்று கால்வேயும் கிளேரும் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 1-30 என்று சமனாக நின்றன; தர்லஸில் நடந்த மறு ஆட்டத்தை கால்வே ஒரே புள்ளியில் வென்றது. லிமெரிக்–கார்க் ஆட்டம் அதற்கு மறுநாள். இவ்வளவு நெருக்கமான அணிகளுக்கு இடையே வேறுபாட்டை உண்டாக்கியது எது என்று கேட்டால், நான் லிமெரிக்கின் மாற்று வீரர்களைத்தான் சுட்டுவேன்.

கார்க்குக்கு எதிராக வழக்கமான நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது லிமெரிக் ஆறு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து அது மீண்டு வந்ததில் பெரும்பங்கு பெஞ்சிலிருந்து இறங்கியவர்களுடையது. கூடுதல் நேரத்தில் பெனால்ட்டியை கோலாக்கிய ஷேன் டவ்லிங், இன்னொரு கோல் அடித்த பாட் ரயன் ஆகிய இருவருமே மாற்று வீரர்கள். டவ்லிங் பல ஆண்டுகள் முதல் அணியில் ஆடி, ஃப்ரீ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தனி அடி) அடிப்பதில் பெயர் பெற்றவர். அப்படிப்பட்ட ஒருவர் பெஞ்சில் அமர்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தார் என்பதே அந்த அணியின் ஆழத்தைக் காட்டுகிறது.

அந்த ஆட்டத்தில் லிமெரிக் கோல்காப்பாளர் நிக்கி குவெய்ட் தடுத்த பந்தை ஒருமுறையாவது மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நேரம் முடியப் போகிறது; கார்க்கின் ஷேமஸ் ஹார்னெடி கோல்காப்பாளருக்கு நேர் எதிரே தனியாக வந்துவிட்டார், மட்டையை ஓங்கியும் விட்டார். குவெய்ட் கோட்டில் நின்று காத்திருக்காமல் முன்னால் பாய்ந்து, ஓங்கிய மட்டை பந்தைத் தொடும் முன் தன் மட்டை நுனியால் பந்தைத் தட்டி விலக்கினார். ஹார்னெடியின் மேல் சிறிது பட்டிருந்தாலும் பெனால்ட்டி. அரை நொடி தாமதித்திருந்தால் கோல். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் லிமெரிக்கின் பருவம் அங்கேயே முடிந்திருக்கும். இதை அதிர்ஷ்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அத்தனை அழுத்தத்திலும் சரியான நேரத்தில் சரியான அசைவைத் தேர்ந்தெடுப்பது பயிற்சியின் பலன்.

இறுதி ஆட்டத்திலும் மூன்றாம் கோல் டவ்லிங்குடையதுதான். முதல் இரண்டை கிரேம் மல்காஹியும் டாம் மோரிஸியும் அடித்திருந்தனர். எட்டுப் புள்ளி முன்னிலையோடு கூடுதல் நிமிடங்கள் தொடங்கின, அவையும் எட்டு. கானர் வீலன் ஒரு கோல், ஜோ கேனிங் ஃப்ரீயிலிருந்து நேரடியாக இன்னொரு கோல் என்று கால்வே அடித்தபோது, 82,300 பேர் இருந்த அரங்கில் லிமெரிக்காரர்கள் அனைவரும் 1994ஐத்தான் நினைத்திருப்பார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் ஐந்து நிமிடங்கள் மீதியிருந்தபோது ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்த லிமெரிக்கை, ஆஃபலி அணி அந்த ஐந்து நிமிடங்களுக்குள் 2-5 அடித்து வீழ்த்தியது. 1974, 1980, 1996, 2007 ஆகிய ஆண்டுகளின் இறுதித் தோல்விகளும் அந்த நினைவோடு சேர்ந்தவை.

கடைசியாக ஒரு ஃப்ரீ. மைதானத்தின் தன் பாதியிலிருந்து கேனிங் அடித்தார். புள்ளியாகியிருந்தால் ஆட்டம் சமன். பந்து எட்டாமல் கோல்வாய்க்கு முன் திரளில் இறங்கியது, அதைக் கைப்பற்றி வெளியே கொண்டுவந்தவர் டாம் காண்டன். அவரும் மாற்று வீரராக இறங்கியவரே. கேனிங் எத்தகைய தூரத்திலிருந்தும் அடிக்கக்கூடியவர் என்பதால் அந்த ஒரு பந்தில் லிமெரிக்குக்கு அதிர்ஷ்டமும் துணைநின்றது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய எழுபது நிமிடங்களில் லிமெரிக்தான் தெளிவாக மேலான அணி. சாம்பியன் அணியை ஒரு கோல்கூட அடிக்க விடாமல் அதுவரை கட்டிவைத்திருந்தது. இருபது வயது கைல் ஹேஸ் அன்றைய ஆட்ட நாயகன். கீயன் லின்ச் அந்த ஆண்டின் சிறந்த வீரர்.

2019இல் அரையிறுதியில் கில்கென்னியிடம் ஒரே புள்ளியில் தோற்ற இந்த அணி, 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பையை வென்றது. 2018இன் வெற்றி திறமையால் வந்ததா என்ற ஐயம் அந்த ஆண்டில் எவருக்காவது இருந்திருக்கலாம்; அந்த நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு இடமில்லை. வெண்கொடி சொன்ன ஓய்வு வாரக் குறை மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கான விலையை லிமெரிக் கொடுக்கவில்லை. வாட்டர்ஃபோர்டும் டிப்பரரியும் கொடுத்தன.