‘இன்டர்மீடியரி’க்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். இதழியல் மாணவர்களுக்கான அவதூறுச் சட்டக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் வரும் ‘இன்டர்மீடியரி’யில் சிக்கி நிற்கிறேன். பிறருக்காக மின்பதிவுகளைப் பெறுபவர், சேமிப்பவர், கடத்துபவர் எல்லாரும் இதில் அடக்கம். தேடுபொறி, இணையச் சந்தை, சைபர் கஃபேகூட உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள் செய்தி வெளியீட்டாளரைத் தனியாக வைக்கின்றன, ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும். நாளிதழ்கள் ‘இடைத்தரகர்’ என்கின்றன. எனக்கு மனம் ஒப்பவில்லை.
– க.செ.

தரகர் பேரம் பேசிக் கமிஷன் வாங்குகிறவர். பிறர் போட்ட உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்காமல் இருக்க 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு வேண்டுமென்றால் செய்தியைத் தொடங்கிவைக்கவோ, பெறுநரைத் தேர்ந்தெடுக்கவோ, உள்ளடக்கத்தை மாற்றவோ கூடாது. ‘இடையீட்டாளர்’ போதுமே?
– இரா.வ.

இடையீடு என்றால் தடை, குறுக்கே வருவது. எதிலும் கைவைக்காதவருக்கு அந்தப் பெயரா?

அடிப்படையிலிருந்து வருவோம். அவதூறில் ‘வெளியிடல்’ என்றால் அச்சிடுவது மட்டும் அல்ல. மூன்றாவது ஆள் ஒருவருக்குத் தெரிந்தாலே போதும். நம் அகத்திணை இந்தப் படிநிலையை எப்போதோ பிரித்துவைத்திருக்கிறது. வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பேசினால் அலர். அலர்தல் என்றால் மலர்தல், விரிதல். வள்ளுவர் ‘அலரறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஓட்டுநர், நடத்துநர் போல, வெளியீட்டாளரை ‘அலர்த்துநர்’ என்போம், இன்டர்மீடியரி ‘அலர்க்கடத்தி’. கூடவே, ‘அவதூறு’ எதற்கு? ‘பழிதூற்றல்’ நல்ல தமிழ்.
– மு.சு.

ஐயா, அலர் காதலரைப் பற்றிய ஊர்ப்பேச்சு, பெரும்பாலும் உண்மையும்கூட. பணம் செலுத்தும் தளமும் இன்டர்மீடியரிதான். அது எந்த அலரைக் கடத்துகிறது?

‘அவதூறு’ மேல் கைவைக்காதீர்கள். இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. இந்த மாணவர்களில் ஒருவருக்கு நாளை வக்கீல் நோட்டீஸ் வரலாம். அதில் ‘அவதூறு’ என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லை அவர் படித்திருக்க வேண்டும்.
– பா.

வழக்கறிஞராக ஒன்று சொல்கிறேன். ‘கடத்தி’ என்றால் பொறுப்பே இல்லாத குழாய் போலத் தொனிக்கிறது. 2015இல் உச்ச நீதிமன்றத்தின் ஸ்ரேயா சிங்கல் தீர்ப்பு சொன்னது, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தபின்னும் நீக்காவிட்டால் பாதுகாப்பு போய்விடும் என்று. 2019 விசாகா இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், 2009 திருத்தத்துக்கு முந்தைய 79ஆம் பிரிவு கூகுள் இந்தியாவை அவதூறுக் குற்றச்சாட்டிலிருந்து காக்காது என்றது உச்ச நீதிமன்றம். பொறுப்பு சேரவும் கழலவும் இடம் விடுகிற சொல் வேண்டும். ‘இடைநிலையர்’?
– த.

சரி, எனக்கும் அதுவே. வெள்ளிக்கிழமையை நினைத்தாவது முடிப்போம்.
– இரா.வ.

நன்றி. ‘இடைநிலையர்’ என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘இன்டர்மீடியரி’ என்பதையும் சேர்த்துவிடுகிறேன். ‘வெளியீட்டாளர்’, ‘அவதூறு’ அப்படியே இருக்கும்.
– க.செ.

என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். இலக்கணத்தில் இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே சும்மா நிற்பதில்லை; காலத்தையே அதுதான் காட்டுகிறது. ‘செய்தான்’, ‘செய்வான்’ இரண்டையும் பிரிப்பது அந்த ஒரு மெய்தானே? உள்ளடக்கத்தைத் தொடக்கூடாதவருக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அடுத்த பதிப்புக்கு முன் அலர்த்துநரை மறுபடி எடுப்பேன்.
– மு.சு.