சைபார்க்: பொறியுயிரியா, ஊன்பொறியா?

> சைபார்க்கையும் ‘எந்திர மனிதன்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே. படம் பார்ப்பவருக்கு என்ன வித்தியாசம்?

வித்தியாசம் இருக்கிறது ஐயா. நான் ‘சைபார்க்’குக்கு, அதாவது உயிருடலும் இயந்திரமும் கலந்த ஆளுக்கு, தமிழ்ச்சொல் கேட்டது, எண்பதுகளில் சிக்கனமாக எடுத்த காலப்பயணப் படங்களைப் பற்றிய கட்டுரைக்காக. அந்த வகைக்கு வழிபோட்ட ‘டெர்மினேட்டர்’ (1984) சுமார் 64 லட்சம் டாலரில் முடிந்த படம். அதில் வரும் காலக்கருவி உயிருள்ள சதையைத்தான் கடத்தும், வெறும் உலோகத்தைக் கடத்தாது. அதனால்தான் டெர்மினேட்டர் என்ற அந்த இயந்திரத்தின் உலோக எலும்புக்கூட்டின் மேல் சதையும் தோலும் போர்த்தி அனுப்புகிறார்கள். துணி, ஆயுதம் எதுவும் கூட வராது. தயாரிப்பாளருக்கும் இதில் லாபம்: எதிர்காலத்து ஆள் வெறும் உடம்போடு வந்து இறங்குகிறான், மீதிக் கதையை இன்றைய லாஸ் ஏஞ்சலஸ் தெருவிலேயே எடுத்துவிடலாம். ‘எந்திர மனிதன்’ என்று எழுதினால் இந்தச் சதை விவகாரமே வெளியே தெரியாது. தவிர, 2010க்குப் பிறகு ‘எந்திரன்’ என்ற சொல்லை ரோபோவுக்கே பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று.

1960இல் மான்ஃப்ரெட் கிளைன்ஸும் நேதன் கிளைனும் ‘சைபார்க்’ என்ற சொல்லை உருவாக்கியபோது நினைத்தது வேறு. விண்வெளிக்குப் போகும் மனிதனோடு பூமியின் சூழலையும் சுமந்து போவதற்குப் பதிலாக, கருவிகளை இணைத்து அவன் உடலையே அந்த இடத்துக்குத் தோதாக்குவது. அங்கே உயிரிதான் முதல், இயந்திரம் பிறகு சேர்ந்தது. தமிழில் இப்படிப்பட்ட தொகைச்சொல்லில் பின்னால் நிற்பதுதான் தலைச்சொல், அதாவது முதன்மைப் பொருள் தரும் சொல். ஆகவே பொறியுயிரி. ‘எலிமினேட்டர்ஸ்’ (1986) படத்து மாண்ட்ராய்டு, விமானி ஒருவனின் உடலை வைத்துச் செய்யப்பட்டு, காலம் தாண்டி அனுப்பப்படுபவன். அவனுக்கு இது கச்சிதம். டெர்மினேட்டர் தலைகீழ்: இயந்திரம்தான் ஆள், சதை வெறும் போர்வை. அதற்கு ‘ஊன்பொறி’ என்று வைக்கலாமா?

---

‘ஊன்பொறி’யை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கருவாடு வைத்த எலிப்பொறியா என்று கேட்கிறார்கள். ‘ஊனெந்திரன்’ சரிவருமா?

---

வராது அண்ணா. ஆல்பர்ட் பியூனின் ‘சைபார்க்’ (1989) படத்தில் சைபார்க்காக வருவது பெண். (கைவிட்ட வேறு படங்களுக்குச் செய்துவைத்த அரங்குகளையும் உடைகளையும் வீணாக்காமல் எடுத்த படம் அது. காலப்பயணம் கிடையாது, ஆனாலும் இந்தக் குடும்பம்தான்.) எந்திரனுக்குப் பெண்பால் என்ன? ‘எந்திரி’ என்று எழுதினால் தூங்குகிறவரை எழுப்புவது போல் இருக்கும். உயிரி என்றால் பால் பிரச்சினையே இல்லை.

---

சரி, அப்படியானால் இரண்டு வகைக்கும் பொதுவாகப் ‘பொறியுயிரி’ என்றே வைத்துக்கொள்கிறேன். டெர்மினேட்டர் வருகிற இடத்தில் மட்டும் ‘சதை போர்த்திய எந்திரம்’ என்று விளக்கி எழுதிவிடுகிறேன். அதற்குத் தனிச்சொல் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், எலி மாட்டாததாக.