சென்சார்டு தரவு: ‘தணிக்கை’ வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

விலங்குக் காப்பகங்களுக்கான தரவுக் கையேட்டின் தமிழாக்கம் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. ஒரு நாய் வந்து 60 நாளாகிறது, இன்னும் யாரும் தத்தெடுக்கவில்லை. அதன் தங்கல் காலம் 60 நாளுக்குக் குறையாது என்பது மட்டும் தெரியும், மொத்தம் எவ்வளவு என்பது தெரியாது. இத்தகைய பதிவைப் புள்ளியியலில் ‘சென்சார்டு’ என்கிறார்கள். வரைவில் ‘தணிக்கை செய்யப்பட்ட தரவு’ என்று இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தணிக்கை என்றாலே யாரோ பார்த்து வெட்டியது என்ற பொருள் ஒட்டிக்கொண்டு வரும். விரிதாளில் அந்தத் தலைப்பைக் கண்டவர் வடிகட்டி போட்டு அந்த வரிசைகளைத் தூக்கிவிடுவார். செய்யவே கூடாதது அதுதான்.

பத்து நாய்களை எடுத்துக்கொள்வோம். ஆறு நாய்கள் 4, 6, 9, 12, 15, 20 ஆகிய நாள்களில் தத்துப் போயின. ஒன்று 10-ஆம் நாள் வேறு காப்பகத்துக்கு மாற்றப்பட்டது. மீதி மூன்றும் 30, 45, 60 நாளாகக் கூண்டில் இருக்கின்றன. தத்துப் போனவற்றை மட்டும் கணக்கிட்டால் சராசரி 11 நாள். முடிவு தெரியாத பதிவுகளையும் சேர்த்துக் கணிக்கப் புள்ளியியலாளர்கள் காப்லானும் மையரும் 1958-இல் வெளியிட்ட முறையில், ஒவ்வொரு தத்து நாளிலும் அன்று காத்திருந்தவற்றில் எத்தனை மிஞ்சின என்ற பின்னத்தைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். முதல் மூன்று தத்துக்குப் பின் இன்னும் காத்திருப்பவற்றின் பங்கு 0.7. மாற்றப்பட்ட நாய் விலகியதும் காத்திருப்பவை ஆறு. 12-ஆம் நாள் 5/6, 15-ஆம் நாள் 4/5, 20-ஆம் நாள் 3/4. ஆக 0.58, 0.47, 0.35. பாதி நாய்கள் தத்துப் போகவே 15 நாள் ஆகிறது. 20 நாளுக்குப் பிறகும் 35 விழுக்காடு காத்திருக்கும். 11 என்ற எண்ணை நம்பினால் அந்த 35 விழுக்காடு கண்ணிலேயே படாது. புதுப் படம், புது அறிமுகக் குறிப்பு, தற்காலிக வளர்ப்பு வீடு எல்லாம் முதலில் வேண்டியது அவற்றுக்குத்தான்.

என் பரிந்துரை ‘எச்சப் பதிவு’. ‘வந்தது’ முற்று. ‘வந்து’ எச்சம், இன்னொரு வினைக்காகக் காத்து நிற்கிறது. இந்த நாயும் அப்படித்தான் நிற்கிறது.

-----

> என் பரிந்துரை ‘எச்சப் பதிவு’.

இலக்கணம் அழகாகப் பொருந்துகிறது, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும். புள்ளியியல் மாதிரி (மாடல்) கணித்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ‘எச்சம்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே கையேட்டில் இரண்டும் வரும். பறவைக் கூண்டு உள்ள காப்பகத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. அங்கே ‘எச்சப் பதிவு’ என்றால் தூய்மைப் பணி ஏடு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

‘நிலுவைப் பதிவு’ எப்படி? நிலுவை வழக்கு, நிலுவைத் தொகை என்று எல்லோருக்கும் பழகிய சொல். நிலுவையை யாரும் அழிக்க மாட்டார்கள்.

-----

நிலுவை என்பது கூண்டில் இருக்கும் மூன்றுக்குப் பொருந்தும். 10-ஆம் நாள் மாற்றப்பட்ட நாய்க்குப் பொருந்தாது. அது நம் நிலுவையில் இல்லை, ஆனாலும் கணக்கில் அதே வகை. முதல் மடலில் இருந்த முற்று என்பதையே பிடித்துக்கொண்டு ‘முற்றாப் பதிவு’ என்று வைக்கலாம். எதிர்ச்சொல் ‘முற்றுப் பதிவு’.

இன்னொன்று: ‘வெட்டுண்ட பதிவு’ என்ற யோசனையும் முன்பு வந்தது. அதைத் தொட வேண்டாம். ஒரே நாளில் கூண்டுதோறும் தலை எண்ணித் தரவு திரட்டினால், இரண்டே நாளில் தத்துப் போன குட்டிகள் பட்டியலுக்குள் வரவே வராது, நெடுநாள் தங்கியவையே நிறைந்திருக்கும். அந்தக் கோளாறுக்குத்தான் ‘வெட்டுண்ட’ தேவை. முற்றாப் பதிவில் விலங்கு பட்டியலில் உண்டு, முடிவு மட்டும் தெரியாது. வெட்டுண்டதில் விலங்கே இல்லை.

-----

‘முற்றாப் பதிவு’க்கே என் வாக்கு. ஆனால் வரையறையில் எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். காப்பகத்தில் இறந்த விலங்கு முற்றாப் பதிவு அல்ல. அப்படிக் குறித்தால், அது பின்னாளில் தத்துப் போயிருக்கும் என்று கணக்கு எடுத்துக்கொள்ளும், தத்து வாய்ப்பு உள்ளதைவிடக் கூடித் தெரியும். மாற்றப்பட்டவற்றிலும் கவனம் தேவை. சீக்கிரம் தத்துப் போகும் குட்டிகளையே பொறுக்கி அனுப்பும் காப்பகம், மாற்றத்தைத் தனி வெளியேற்றமாகவே குறிக்கட்டும்.

கையேட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

முற்றாப் பதிவு – தரவு எடுத்த நாள்வரை தத்து நிகழாத, ஆனால் இனி நிகழக்கூடிய தங்கலின் பதிவு. தற்காலிக வளர்ப்பு வீட்டில் உள்ளவையும் இதில் அடங்கும். இன்னும் நம் பொறுப்பில் உள்ளவற்றுக்கு, வெளியேறிய நாளில் 0 என்றோ இன்றைய தேதி என்றோ இட்டு நிரப்பாமல் வெறுமையாக விடுக. ‘நாள்கள்’ நெடுவரிசையில் தரவு எடுத்த நாள்வரை எண்ணுக; மாற்றப்பட்டதற்கு மாற்றிய நாள்வரை. ‘நிலை’ நெடுவரிசையில் முற்றாதது 0, தத்து 1, இறப்பு 2, தனியாகக் குறித்தால் மாற்றம் 3. திரும்பக் கொண்டுவரப்பட்ட விலங்குக்கு அடையாள எண் அதேதான், தங்கல் எண் புதியது. அடையாள எண்ணை மட்டும் வைத்து வருகைப் பட்டியலையும் வெளியேற்றப் பட்டியலையும் இணைத்தால், இருமுறை வந்து போன நாய்க்கு நான்கு வரிசைகள் முளைக்கும்.