'ஃபீல்ட் கேரக்டர்ஸ்': 'களப்பண்பு' வேண்டாம், 'கள அடையாளம்' பொருந்தும்

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

இந்தியப் பறவைகளைப் பற்றிப் பறவையியலாளர் சலீம் அலி 1941இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு பறவைக்கும் அளவை அடுத்து வரும் 'ஃபீல்ட் கேரக்டர்ஸ்' (வெளியில் பார்க்கையில் பறவையை இனங்காண உதவும் குறிகள்) என்னும் தலைப்புக்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே ஐயா ஒருவர் முன்மொழிந்த 'களப்பண்பு' எனக்கு உடன்பாடாக இல்லை. பண்பு என்பது பார்ப்பவர் இல்லாவிட்டாலும் பறவையிடம் இருப்பது. சலீம் அலி எழுதியதோ, துப்பாக்கியும் அளவுகோலும் இல்லாமல் வரப்பில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டுமே. அளவைக்கூட அங்குலத்தில் சொல்லாமல் சிட்டுக்குருவி, மைனா, காகம் என்று எல்லோரும் அறிந்த பறவைகளோடு ஒப்பிட்டு, அவற்றைவிடப் பெரிதென்றால் கூட்டல், சிறிதென்றால் கழித்தல் குறியிட்டுக் காட்டியவர் அவர். அந்த எளிமை சொல்லிலும் வேண்டும்.

'கள அடையாளம்' என்பது என் பரிந்துரை. சான்றிதழ்களில் 'அங்க அடையாளம்' என்று நாம் எழுதி வருவதால் பாதிச் சொல் ஏற்கெனவே மக்களிடம் இருக்கிறது. அதோடு ஒரு வேறுபாட்டையும் இச்சொல் காக்கிறது. சில கதிர்க்குருவிகளில் எந்த இறகு எதைவிட நீளம் என்பது பறவையைக் கையில் பிடித்தால்தான் தெரியும். அதை அங்க அடையாளம் எனலாம். அதே குருவி கிளைக்குள் மறைந்திருந்து எழுப்பும் குரல், கள அடையாளம்.

குருட்டுக் கொக்கைப் பாருங்கள். சேற்று நிறத்தில் கழுத்தைக் குறுக்கி அசையாமல் நிற்கையில் வரப்பு மண்ணோடு மண்ணாக இருக்கும். நாம் நெருங்கியதும் எழுந்து பறக்க, அதுவரை மடிந்திருந்த வெள்ளைச் சிறகுகள் பளிச்சென்று விரியும். அந்த ஒரு கணமே அதன் அடையாளம். அதைப் பண்பு என்றால் பொருள் நழுவிவிடுகிறது. 'வாலாட்டி', 'இரட்டைவால் குருவி' என்று பெயரிட்ட நம் ஊரார், கள அடையாளத்தையே பெயராக வைத்தவர்கள்.

ஒரே ஓர் இடர் உண்டு. புணர்த்தி எழுதினால் 'களவடையாளம்' என்றாகிக் களவின் நினைவு வரும். ஆகவே இரு சொற்களையும் பிரித்தே பதிவு செய்ய வேண்டுகிறேன்.