கோவையில் ஜெயித்த ஐ-லீக் பட்டம் எப்படி சென்னைக் கோப்பை ஆனது?

சிங்காநல்லூர்க்காரன்:
'சென்னையின் கால்பந்துக் கோப்பைகள்' என்று நேற்று வியாசர்பாடி விங்கர் ஒரு பட்டியல் போட்டிருந்தார். 2015 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்), 2017-18 ஐ.எஸ்.எல்., 2018-19 ஐ-லீக். இரண்டும் தேசியக் கால்பந்து லீக்குகள். கீழே, "மூன்றும் நம்ம சென்னைக்கு வந்த கோப்பைகள்" என்று ஒரு வரி. முதல் இரண்டும் சென்னையின் எஃப்.சி. ஜெயித்தவை, அதில் எனக்குப் பேச்சே இல்லை. மூன்றாவதை ஜெயித்தது வேறு கிளப், கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. அது எப்போது சென்னைக்கு வந்தது?

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியம். நான் அங்கே சிமென்ட் படியில் உட்கார்ந்திருந்தேன். நம்ம சென்னை சிட்டி 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. இங்கே மினர்வா பஞ்சாபுடன் நமக்குக் கடைசி ஆட்டம், கோழிக்கோட்டில் கோகுலத்துடன் அவர்களுக்குக் கடைசி ஆட்டம். மூன்றாவது நிமிடமே மினர்வாவின் பிலாலா கோல் போட்டுவிட்டார். ஸ்டேடியமே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு முன்படியில் ஒரு கல்லூரிப் பையன் போனில் கோழிக்கோடு ஆட்டத்தை வைத்திருந்தான். நாங்கள் ஆறு பேர் அவன் தோள் மேல் சாய்ந்து ஒரு கண்ணை மைதானத்திலும் ஒரு கண்ணைப் போனிலும் வைத்திருந்தோம். இடைவேளைக்குப் பிறகு நம்ம முன்கள ஆட்டக்காரர் மன்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா, கடைசியில் மறுபடியும் போரா. 3-1. தடுப்பாட்டக்காரர் ஒருவர் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். அந்தப் பையனின் போன் கீழே விழுந்து திரை உடைந்தது, அவன் அதைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை.

இது கோவையில் நடந்தது. கோவைக்காரன் கத்தினான், கோவைக்காரன் அழுதான். பட்டியலைத் திருத்துங்கள்.

வியாசர்பாடி விங்கர்:
அண்ணே, நீங்கள் அழுததை நான் மறுக்கவில்லை. ஆனால் கிளப்பின் பெயர் என்ன? சென்னை சிட்டி எஃப்.சி. 1946-ல் ஆரம்பித்த சங்கம், சென்னை லீக்கில் ஆடி வளர்ந்த சங்கம். சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. ஆடிக்கொண்டிருந்ததால் கோவைக்குப் போனார்கள். சொந்தக்காரர் வீட்டு மண்டபத்தில் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளை அந்த வீட்டுப் பையன் ஆகிவிடுவானா?

சிங்காநல்லூர்க்காரன்:
மண்டபமா? 2017-18, 2018-19, 2019-20 என்று வருஷா வருஷம் அதே மண்டபத்திலேயே குடியிருந்தால் அது வீடு. 2017-18-ல் பத்து அணிகளில் கீழ்வரிசையில் கிடந்தபோதும் கோவைக்காரன்தான் வந்து உட்கார்ந்தான். அப்போது சென்னையில் இருந்து எத்தனை பேர் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி வந்தீர்கள்? தோற்கும்போது கோவை டீம், ஜெயித்தால் சென்னை டீமா?

மார்ச் 9, நேரு ஸ்டேடியம், கோவை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஹௌரா மெயில்:
நான் கொல்கத்தாவில் பதினேழு வருஷமாக இருக்கிற தமிழன். ஈஸ்ட் பெங்கால் ரசிகன். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுகிற கோப்பை எங்களுக்கு ஒரே ஒரு புள்ளியில் போனது. 43, 42. அன்று நாங்கள் கோழிக்கோட்டில் பின்தங்கி, பிறகு 2-1 என்று ஜெயித்தோம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வெறுங்கையோடு நின்றோம். 2003-04-க்குப் பிறகு தேசிய லீக் பட்டம் பார்க்காத கிளப் அது. இங்கே பெரியவர்கள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பெயர் சென்னையா கோவையா என்று அடித்துக்கொள்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சிங்காநல்லூர்க்காரன்:
ஒரு புள்ளியில் போனது என்று சொல்லாதீர்கள் சார். கொல்கத்தாவுக்கு வந்து 2-1, கோவையில் 2-1. இரண்டு முறையும் உங்களை ஜெயித்தோம். புள்ளி சமமாகியிருந்தாலும் நேருக்கு நேர் கணக்கில் பட்டம் எங்களுக்குத்தான்.

வியாசர்பாடி விங்கர்:
"எங்களுக்கு". பாருங்கள், சென்னை சிட்டி ஜெயித்ததை எவ்வளவு ஆசையாக "எங்கள்" என்கிறார். பெயரில் மட்டும் சென்னை கசக்கிறது.

தூத்தூர் அலை:
மக்கா, இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டீர்கள். சென்னை சிட்டியை முந்தைய சீசனில் தூக்கிச் சுமந்தது யார்? எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரையில், இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ். கடல் மணலில் ஆடிப் பழகிய கால். 2018-ல் அவரை ஐ.எஸ்.எல். கிளப்பான ஜாம்ஷெட்பூர் எடுத்துக்கொண்டது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்குத் தமிழ்நாடு அணியில் எங்கள் கரைப் பையன்கள் எத்தனை பேர் ஆடியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பந்துதான். எங்களுக்கு ஒரு ஐ-லீக் கிளப் கிடையாது, புல் போட்ட நல்ல ஸ்டேடியம் கிடையாது. ஆளை நாங்கள் கொடுக்கிறோம், பெயரை சென்னை எடுக்கிறது, மைதானத்தைக் காட்டிக் கோவை பெருமை பேசுகிறது.

சிங்காநல்லூர்க்காரன்:
சூசைராஜ் அருமையான ஆட்டக்காரர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பட்டம் ஜெயித்த சீசனில் அவர் இல்லை. நாம் பேசுவது 2018-19. மார்ச் 9 அன்று மைதானத்தில் அவர் இருந்தாரா?

தூத்தூர் அலை:
அவர் இல்லை என்பதுதான் என் ஆதங்கமே! இருந்திருக்க வேண்டியவர். அதை இப்படி ஒரே வரியில் தள்ளிவிடுகிறீர்கள்.

பெனால்டி பெருமாள்:
ஆளைப் பற்றிப் பேசினால் உண்மையைப் பேசுங்கள். அந்த சீசனில் 21 கோல் போட்டவர் பெத்ரோ மன்சி, உருகுவேக்காரர். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவுக்கும் அதே 21. மன்சிக்குப் பந்து கொடுத்தவர்கள் நெஸ்டர், சாண்ட்ரோ. பின்னால் எஸ்லாவா, கோலில் நௌசெத் சாந்தனா. எல்லாரும் ஸ்பெயின். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர். இதில் கோவை எங்கே, சென்னை எங்கே?

சிங்காநல்லூர்க்காரன்:
அந்த நான்கைந்து பேரை மட்டும் வைத்து 20 ஆட்டம் ஆடிவிட முடியுமா? எட்வின் வன்ஸ்பால் நடுக்களத்தில் ஓடிய ஓட்டத்தை நீங்கள் நேரில் பார்த்திருந்தால் இப்படி எழுத மாட்டீர்கள். அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் அந்த சீசனில் ஆடித்தான் பெரிய கிளப்களின் கண்ணில் பட்டார். நவாஸ் பந்தைத் தரையில் உருட்டி ஆடச் சொன்னார், கோல்கீப்பரிடம் இருந்தே கட்டி எழுப்பச் சொன்னார். பந்தை எட்டி உதைத்துவிட்டுப் பின்னால் ஓடுகிற ஐ-லீக்கில் அது புதுசு. அதனால் சில நாள் கோல் வாங்கினோம். சர்ச்சிலிடம் 3-2 என்று தோற்ற அன்றே பட்டத்தை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஆனாலும் அவர் ஆட்டத்தை மாற்றவில்லை. மினர்வா முதல் கோல் போட்ட பிறகும் மாற்றவில்லை. நான் அவருக்குப் பின்னால் இருந்த படியில் இருந்து பார்த்தேன், இரண்டு கையையும் கீழே காட்டி நிதானம், நிதானம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

எந்த ஊரில் நின்று சொன்னார்? கோவையில்.

மட்டுறுத்துநர்:
ஒரு வேண்டுகோள். ஒரு கிளப் எந்த ஊருடையது என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? பதிவு செய்த இடமா, சொந்த மைதானமா, ஆட்டக்காரர்களா, ரசிகர்களா? முதலில் அதைப் பேசி முடித்தால் மற்றதைப் பிறகு பேசலாம்.

வியாசர்பாடி விங்கர்:
மைதானம்தான் கணக்கு என்றால் அண்ணனுக்கு ஒரு கேள்வி. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. சென்னையின் எஃப்.சி.யின் அரையிறுதிச் சொந்த ஆட்டத்தைப் புனேவில் வைத்தார்கள். அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை அங்கே 3-0 என்று அடித்தோம். அந்த வெற்றி புனேக்காரனுடையதா? எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வடிந்து நாலு நாள் ஆகியிருந்தது, பாயைக் காயப்போட இடமில்லை. பக்கத்துத் தெரு மாடியில் ஒரு டிவி வேலை செய்தது. நாற்பது பேர் நின்று பார்த்தோம். அந்த 3-0 எங்களுடையது. யார் கேட்டாலும் தர மாட்டேன்.

மினர்வா பஞ்சாபையே எடுங்கள். 2018-ல் பட்டத்தை முடித்த ஆட்டம் பஞ்ச்குலாவில். அது ஹரியானா. பஞ்சாப்காரன் கோப்பையை ஹரியானாவுக்குக் கொடுத்தானா?

சிங்காநல்லூர்க்காரன்:
வெள்ளத்தில் ஒரு ஆட்டம் இடம் மாறியதும், மூன்று சீசன் ஒரே ஊரில் ஆடியதும் ஒன்றா? உங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததற்கு எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதை வைத்து என் ஊர்க் கோப்பையை எடுக்காதீர்கள்.

சென்னையின் எஃப்.சி. பெயரை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். இதே 2018-19 சீசனில் உங்கள் அணி ஐ.எஸ்.எல்.லில் எங்கே முடித்தது? பத்து அணிகளில் பத்தாவது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. அந்த வருஷம் தமிழ்நாட்டின் மானத்தைக் காப்பாற்றியது கோவை நேரு ஸ்டேடியம்.

வியாசர்பாடி விங்கர்:
அந்த சீசனை மட்டும் எடுப்பீர்கள். அதற்கு முந்தைய சீசனில் பெங்களூருவுக்கே போய், அவர்கள் கோட்டையிலேயே 3-2 என்று இறுதிப் போட்டியை ஜெயித்தோமே. அந்த அணியில் எங்கள் பேட்டைப் பையன் தனபால் கணேஷ் ஆடினார். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் வெறுங்காலில் பந்து உதைக்கிற பையன்களிடம் போய்க் கேளுங்கள், தனபால் என்றால் என்ன என்று சொல்வார்கள். ஐ-லீக் அப்போதே இரண்டாம் தரம் ஆகிவிட்டது, உண்மையைச் சொன்னால்.

ஹௌரா மெயில்:
ஐ-லீக் இரண்டாம் தரமா? நூறு வருஷக் கிளப்கள் ஆடிய லீக்கை, 2014-ல் பிறந்த ஐ.எஸ்.எல்.லை வைத்து அளக்கிறீர்களா? 2018-19 வரைக்கும் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு ஐ-லீக் சாம்பியன்தான் போனார்.

சிங்காநல்லூர்க்காரன்:
ஹௌரா சார் சொன்னதில் இது ஒன்று சரி. இரண்டாம் தரம் என்றவருக்கு இன்னொன்று. 2019 ஏப்ரல், புவனேஸ்வர், இரண்டு லீக் அணிகளும் மோதும் சூப்பர் கோப்பையின் காலிறுதி. அப்போதுதான் ஐ.எஸ்.எல். ஜெயித்து வந்த பெங்களூருவை நாம் 2-1 என்று வெளியே அனுப்பினோம். இரண்டாம் தர லீக்கின் அணி, முதல் தர லீக்கின் சாம்பியனை.

பெனால்டி பெருமாள்:
அடுத்த ஆட்டத்தில் கோவா எஃப்.சி. 3-0 என்று அடித்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

வியாசர்பாடி விங்கர்:
அந்தச் சூப்பர் கோப்பையில் இறுதி வரைக்கும் போனது சென்னையின் எஃப்.சி. பத்தாவது இடம் என்று ஏளனம் செய்தீர்களே, அதே அணி.

சிங்காநல்லூர்க்காரன்:
இறுதியில் தோற்றதைக் கோப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லையே, அது வரைக்கும் நல்லது. என் கேள்வி ஒன்றே ஒன்று. 2018-19 ஐ-லீக், கோவை. பட்டியலைத் திருத்துவீர்களா மாட்டீர்களா?

தூத்தூர் அலை:
இவர் ஐந்தாவது தடவை இதையே கேட்கிறார். நான் மைதானம் பற்றிச் சொன்னதை ஒருவரும் தொடவில்லை. எங்கள் பையன்கள் நல்ல மைதானம் தேடிப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது, கோவைக்காரருக்குக் கோப்பையின் முகவரி முக்கியம்.

சிங்காநல்லூர்க்காரன்:
தம்பி, உங்கள் வருத்தம் நியாயம். தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக வந்து ஆதரிக்கிறேன். ஆனால் முகவரி எனக்கு ஏன் முக்கியம் என்று கேட்டால் சொல்கிறேன். மன்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போய்விட்டார். நவாஸும் போனார். கொரோனா வந்தது, ஐ-லீக்கை மொத்தமாகக் கொல்கத்தா பக்கம் ஒரே இடத்தில் நடத்தினார்கள். அதற்கப்புறம் அந்த லீக்கிலேயே சென்னை சிட்டியின் பெயர் இல்லை. வ.உ.சி. பூங்காவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகும்போது ஸ்டேடியம் பக்கம் நடந்து போவேன். ஓட்டப்பந்தயப் பயிற்சி நடக்கும், சுற்றிலும் கடைகள் திறந்திருக்கும். இங்கே ஒரு இந்திய சாம்பியன் ஆடியது என்று சொன்னால் என் பையன் நம்ப மாட்டேன் என்கிறான். போனில் தேடிக் காட்டினால் "சென்னை என்றுதானே போட்டிருக்கிறது" என்கிறான். எங்களிடம் கிளப் இல்லை, கோப்பை இல்லை, அந்த ஒரு சாயங்காலம் மட்டும் இருக்கிறது. அதையும் பட்டியலில் போட்டு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வியாசர்பாடி விங்கர்:
இப்படி எழுதினால் என்ன பதில் சொல்வது? உங்கள் பையனுக்கு நான் வேண்டுமானாலும் சொல்கிறேன், ஆட்டம் கோவையில்தான் நடந்தது என்று. ஆனால் கிளப் சென்னைக் கிளப். பட்டியல் அப்படியே இருக்கும்.

சிங்காநல்லூர்க்காரன்:
அப்படியென்றால் அந்தப் புனே ஆட்டத்தையும் பட்டியலில் புனே என்று போடுங்கள்.

வியாசர்பாடி விங்கர்:
அரையிறுதிக்குக் கோப்பை கொடுப்பதில்லை அண்ணே. 2015 இறுதிப் போட்டி கோவாவில். நேரம் முடியும்போது 2-1 என்று பின்னால் இருந்து 3-2 என்று ஜெயித்தோம். கோவாக்காரன் கேட்கவில்லை, நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

ஹௌரா மெயில்:
கேட்க வேண்டியவர்கள் நாங்கள். 42 புள்ளி.

சிங்காநல்லூர்க்காரன்:
கொல்கத்தாவில் 2-1, கோவையில் 2-1. மறுபடியும் எழுத வைக்காதீர்கள் சார்.