குலசேகரத்துக் கிணறும் குளச்சல் ரேடியேட்டரும்

கடலோரத்தான் (குளச்சல்):
பழைய கார் வாங்குவது பற்றி நேற்று பேசிக்கொண்டிருந்தபோது எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் பற்றிச் சரல்கிணறு அண்ணாச்சி போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: “கூலன்ட் எல்லாம் பனி பெய்கிற ஊர்க்காரனுக்கு. நம்ம குமரி மாவட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும்.” ராத்திரி தூக்கமே வரவில்லை. போன மாதம் என் கார் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றியபோது கொட்டியது தண்ணீர் இல்லை, கட்டன்காப்பி. எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் கிணற்றுத் தண்ணீர்க் கட்சிதான். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற தெர்மோஸ்டாட்டில் வெற்றிலைக்குத் தடவுவது போலச் சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. மூன்று முறை ஃபிளஷ் செய்தும் கலங்கல் போகவில்லை, நான்காவது முறைதான் தெளிந்தது. இதெல்லாம் யார் செலவு?

சரல்கிணறு (குலசேகரம்):
தம்பி, உம்ம ஊர்க் கிணறு உப்பு. கடற்கரையில் இருந்துகொண்டு கிணற்றைப் பற்றிப் பேசக்கூடாது. எங்க கிணறு சரல்மண் கிணறு. 12 வருடம், மூன்று கார், ஒன்றுகூடக் கொதித்ததில்லை. அப்பா அம்பாசடர் ஓட்டிய காலத்திலிருந்து அதே கிணறு, அதே வாளி.

வடசேரி ஸ்பானர்:
அண்ணாச்சி, அம்பாசடர் எஞ்சினுக்கு பிளாக்கும் (உடம்பு) அதன் மேல் உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. எதை ஊற்றினாலும் ஓரளவு தாங்கும். இப்போது ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம், அதன் இரண்டு ஓரமும் பிளாஸ்டிக். கூலன்ட் பனிக்கு மட்டும் இல்லை. துருப் பிடிக்காமல் இருக்கவும், வாட்டர் பம்ப் சீல் தேயாமல் இருக்கவும், கொதிநிலை ஏறவும் அதில் மருந்து இருக்கிறது. ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தால் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது என்பது உண்மைதான். அந்த மூடியின் ரப்பர் போனால்? அப்புறம் 100 டிகிரிதான். மார்த்தாண்டம் நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது தெரியும்.

திருவட்டாறு வாத்தியார்:
முதலில் ஃபிளஷ் என்று எதைச் சொல்கிறோம்? பழைய கூலன்டை வடித்துப் புதிதாக ஊற்றுவதா? நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டித் தெளியும்வரை கழுவுவதா? மருந்து ஊற்றிச் சுண்ணாம்பைக் கரைப்பதா? மூன்றும் மூன்று வேலை. கழுவுகிற தண்ணீர் வேறு, கடைசியாக நிரப்புகிற தண்ணீர் வேறு. இதைப் பிரித்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சரல்கிணறு:
வாத்தியாரே, வகுப்பு அப்புறம். எங்க கிணற்றில் சுண்ணாம்பு உண்டா, இல்லையா? அதைச் சொல்லும்.

கடலோரத்தான்:
அதைக் கண்டுபிடிக்க வாத்தியார் எதற்கு? ஒரு பாத்திரத்தில் வற்றும்வரை காய்ச்சும். அடியில் வெள்ளை படிந்தால் அதுதான் உம்ம ரேடியேட்டருக்குள்ளும்.

சரல்கிணறு:
எங்க வீட்டில் சாயா போடுகிற பாத்திரத்துக்கு 15 வயது. அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி காட்டும் பார்ப்போம்.

கடலோரத்தான்:
சாயாப் பாத்திரத்தின் அடி 15 வருடத்தில் கறுத்துத்தான் இருக்கும் ஓய்! வெள்ளை எங்கே தெரியும்?

வடசேரி ஸ்பானர்:
சரி, சுண்ணாம்பே இல்லை என்று வையுங்கள். சரல்மண் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் புளிப்புப் பக்கம் சாயும். சுண்ணாம்பு படியாது, ஆனால் அலுமினியத்தை அரிக்கும். போன வாரம் ஒரு வண்டியில் ஹெட்டைக் கழற்றினேன். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கட் உட்காரும் இடம் எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாதி, கூலன்ட் பாதி. அவ்வளவுதான் விஷயம்.

சரல்கிணறு:
கூலன்ட் விற்கிறவர் கூலன்ட் நல்லது என்பார். போன வருடம் டயருக்கு நைட்ரஜன்தான் வேண்டும் என்று என்னிடம் மல்லுக்கட்டியதும் இவர்தானே? அடுத்த மாதமே இவர் கடையில் நைட்ரஜன் மிஷின் வந்துவிட்டது. நான் மறக்கவில்லை. எங்க கிணற்றைப் பார்க்காமல் புளிப்பு என்று சொல்ல இவர் யார்?

வடசேரி ஸ்பானர்:
நைட்ரஜன் மிஷின் என் மச்சானுடையது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முப்பந்தல் காற்று:
ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். கூலன்ட் வேண்டாம், கிணறு வேண்டாம், ஃபேனே வேண்டாம்.

மார்த்தாண்டம் ரிட்டர்ன்:
துபாயிலிருந்து வந்து பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளே பச்சைக் கூலன்ட் இருக்கிறது, கடையில் சிவப்பு தந்தார்கள். கலக்கலாமா? ஃபிளஷ் செய்யும்போது ஹீட்டரை ஆன் செய்ய வேண்டும் என்கிறார்களே, நம்ம ஊரில் யாருக்கு ஹீட்டர்?

வடசேரி ஸ்பானர்:
கலக்காதீர்கள். நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி சாயம் மாறும். சேராத இரண்டைக் கலந்தால் உள்ளேயே கொழகொழவென்று திரளும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் எந்த வகை என்று இருக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைப்பது நமக்குக் குளிருக்காக இல்லை. சில வண்டிகளில் அதைத் திறந்தால்தான் அந்தக் குழாயில் தேங்கிய பழையதும் வெளியே வரும். எஞ்சின் முழுக்க ஆறாமல் மூடியைத் தொடவே கூடாது. தெர்மோஸ்டாட் திறக்க 82, 88 டிகிரி என்று வண்டிக்கு வண்டி மாறும், மேல் ஹோஸ் சுட ஆரம்பித்தால் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

சரல்கிணறு:
நான் கடைசியாக வாங்கிய காரில் இருந்த பச்சைத் தண்ணீரை வடித்து வாழை மூட்டில் ஊற்றினேன். வாழை ஜம்மென்று குலை தள்ளியது. அதன்பிறகு கிணற்றுத் தண்ணீர்தான்.

கடலோரத்தான்:
வாழை மூட்டிலா?! அது இனிக்கிற விஷம் ஓய். நாய், பூனை நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். வடித்ததை மூடி போட்ட கேனில் பிடித்து வைக்க வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

சரல்கிணறு:
எங்க வீட்டில் நாய் இல்லை.

திருவட்டாறு வாத்தியார்:
பக்கத்து வீட்டில்?

மார்த்தாண்டம் ரிட்டர்ன்:
என்ன வாழை அண்ணாச்சி? மட்டியா, செந்துளுவனா?

சரல்கிணறு:
மட்டி. அசல் மட்டி. உங்க மார்த்தாண்டம் சந்தையில் மட்டி என்று சொல்லி விற்கிறார்களே, அது இல்லை.

மார்த்தாண்டம் ரிட்டர்ன்:
எங்க சந்தையைப் பற்றி வாயைத் திறக்காதீரும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது மாவட்டம் முழுக்க விளைகிற மட்டிக்கு, உம்ம கொல்லைக்கு மட்டும் இல்லை.

திருவட்டாறு வாத்தியார்:
ஃபிளஷ் என்றால் என்ன என்று நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

சரல்கிணறு:
வாத்தியாரே, எங்க கிணறு சரல்மண் கிணறு. 12 வருடம். மூன்று கார். இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வடசேரி ஸ்பானர்:
மூன்று காரையும் எத்தனை வருடத்தில் விற்றீர்கள் அண்ணாச்சி? வாங்கினவர்கள் யார் கடைக்கு வந்தார்கள் என்று நான் சொல்லட்டுமா?

சரல்கிணறு:
இது தனிப்பட்ட தாக்குதல். ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் வாருங்கள், எல்லாரும். உங்கள் கண் முன்னாலேயே காய்ச்சிக் காட்டுகிறேன்.

கடலோரத்தான்:
வருகிறேன். பாத்திரம் நான் கொண்டுவருவேன். உம்ம சாயாப் பாத்திரம் வேண்டாம்.

சரல்கிணறு:
கொண்டு வாரும். குளச்சல் தண்ணீரில் கழுவாமல் கொண்டு வாரும்.